வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு: முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு இறங்குவது எப்படி

மதுரையில் தையல்கடை வைத்திருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை மெஷின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். ஐம்பது வயதுக்கு மேல்தான் மலை நடக்க ஆரம்பித்தேன். கொடைக்கானல் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமம் வழியாகக் கும்பக்கரை அருவி வரை இதுவரை நாலு தடவை இறங்கியிருக்கிறேன். கடைக்கு வருகிற பெண்கள் பலர் "நாங்களும் போய்வரலாமாக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். "இறங்குறதுதானே, ஏறவா போறோம்?" என்று நினைத்து வந்தவர்கள்தான் இந்தப் பாதையில் அதிகம் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கும்பக்கரை பெரியகுளத்துக்குப் பக்கத்தில், மலையின் காலடியில். ஒரே நாளில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம். ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்றுவிடலாம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் நிற்கத் தோன்றாது. முழங்கால் மட்டும் சத்தமில்லாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும், அது தெரிவது மறுநாள் காலையில்தான்.

அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். அதில் பலர் இளம் பெண்கள். அந்தச் செய்தியை டிவியில் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். வட்டக்கானல்–வெள்ளகவி அதில் ஒன்று. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர்ப் பையன் ஒருவர் வழிகாட்டியாக வருவார். வெள்ளகவிக்குக் கீழே கும்பக்கரை வரை இறங்குவதை மட்டும் வனத்துறையிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லை என்றால் வெள்ளகவியோடு திரும்பிவிடுங்கள். அதுவே நிறைவான நடைதான். ஆனால் திரும்புவது முழுக்க ஏற்றம், அதற்குத் தகுந்த நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம்? பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை வேண்டாம். புல் காய்ந்து கிடக்கும், தீப்பிடித்தால் மேட்டை நோக்கித்தான் ஓடும், நம்மைவிட வேகமாக ஓடும். அந்தச் சமயத்தில் வனத்துறையே பாதைகளை மூடிவிடுகிறது. அக்டோபர், நவம்பரில் மழை. கல் வழுக்கும், அட்டை காலில் ஏறும். எனக்குப் பிடித்தது டிசம்பர் கடைசியும் ஜனவரியும்.

சாமான் குறைவாக இருக்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு, பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள். வாழை இலையில் கட்டிய புளியோதரை, கடலை மிட்டாய், ஒரு எலுமிச்சம்பழம், உப்புப் பொட்டலம். அட்டை கடித்தால் பிடுங்காதீர்கள், அதன் மேல் உப்பைத் தடவினால் தானே சுருண்டு விழுந்துவிடும். அப்புறம் ஒரு கம்பு. தோள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கையில் உறுதியாக நிற்கிற எந்தக் கம்பும் போதும்.

செருப்பு, ஷூ விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை முந்தின நாள் வாங்கிய புது ஷூவோடு வந்தேன். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து சரிந்து கட்டைவிரல் நகம் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நகம் கறுத்துவிட்டது. இரண்டு மாதத்தில் விழுந்தும்விட்டது. ஷூ ஒரு மாதமாவது காலில் பழகியிருக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறங்கத் தொடங்கும் முன் குதிகாலைப் பின்னால் தள்ளி வைத்து, கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். விரல்கள் பக்கம் தளர்வாக இருக்கட்டும்.

காலை ஏழு மணிக்குள் வட்டக்கானலில் இருக்க வேண்டும். குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடுவீர்கள். டால்பின் நோஸ் பாறை வரை சுற்றுலாக் கூட்டம் இருக்கும். அந்தப் பாறை நுனியில் நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும், அங்கே நிற்காதீர்கள். அதைத் தாண்டினால் சத்தம் அடங்கி, சோலைக்காட்டின் நிழலும் பாசி படிந்த மரங்களும் வந்துவிடும். காட்டுமாடு நடமாட்டம் உள்ள இடம். வழிகாட்டி கையை உயர்த்தி நிற்கச் சொன்னால், அந்த நொடியே நில்லுங்கள். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது இறங்கும் முறை. இதை எனக்குக் கற்றுத் தந்தது இரண்டாவது தடவை வந்த வழிகாட்டித் தம்பி. நான் தட்தட்டென்று குதிகாலை ஊன்றி இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு வளைவில் நிறுத்தினார். "யக்கா, படியில எறங்குற மாதிரி நேரா எறங்காதீங்க. பாதத்தக் குறுக்கால போடுங்க" என்று தானே நடந்து காட்டினார். இடது பக்கம் சாய்ந்து நாலு அடி, வலது பக்கம் சாய்ந்து நாலு அடி. பாம்பு போகிற மாதிரி. முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கிறது. பாதம் முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் படிகிறது. முதலில் கம்பு கீழ்ப்படியில் ஊன்றும், அப்புறம்தான் கால். காலை ஊன்றும் முன் அந்தக் கல் ஆடுகிறதா என்று பாதத்தால் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறார். அடி சிறியது, மிகச் சிறியது. என் ஒரு அடிக்கு அவர் இரண்டு அடி வைத்தார், ஆனாலும் எனக்கு முன்னால் போனார். அந்த நடையை அரை மணி நேரம் பழகிய பிறகு என் முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. வீட்டு மாடிப்படியில் ஒரு வாரம் பழகிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

பாதையில் இன்னொரு பழக்கமும் வேண்டும். இது வெள்ளகவி மக்களின் வழி. அரிசி, சிலிண்டர், சிமென்ட் எல்லாம் குதிரை முதுகில் போய் வந்த பாதை இது. அவர்களின் காபியும் பட்டர் ஃப்ரூட்டும் இதே வழியில்தான் சந்தைக்குப் போயிருக்கின்றன. நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். குதிரை மணிச் சத்தம் கேட்டால் உடனே ஒதுங்குங்கள், மலைப்பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்து நாம் கீழே போய்விடுவோம்.

ஏழேகாலுக்குக் கிளம்பினால் நாங்கள் பதினோரு மணி வாக்கில் ஊர் சேர்வோம். வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டு கோயில்கள், ஊரே சாமி இருக்கிற இடம் என்பது அவர்கள் எண்ணம். ஊர் எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே முக்கால் மணி நேரம் ஷூவுக்குள் வெந்த பாதம் குளிர்ந்த கல்லில் படும்போது உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவும். வாசலில் காபிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்கும். அதை மிதிக்காமல் ஓரமாகப் போங்கள். வீடுகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கடையில் ஒரு கடுங்காப்பி வாங்கிக் குடியுங்கள், அங்கே விளைந்த கொட்டை. மறக்காமல் ஏதாவது விலைக்கு வாங்குங்கள். அவர்களின் ஊரைப் பார்க்க வந்துவிட்டு, எல்லாத் தின்பண்டத்தையும் கீழிருந்தே கட்டிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருமுறை ஒரு பாட்டி என் கறுத்த நகத்தைப் பார்த்துவிட்டு மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து வைத்தார். காசு கொடுக்கப் போனேன், கையை மூடிவிட்டார்.

சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கீழ்ப்பாதி வேறு மாதிரி. சோலை முடிந்து காய்ந்த காடு வரும், வெயில் நேராக மண்டையில் விழும். குளிர் என்று தண்ணீர் குடிக்காமல் வந்தவர்களுக்கு இங்கேதான் தலை சுற்றும், காலில் தசை பிடிக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை நாலு மிடறு குடியுங்கள், எலுமிச்சையும் உப்பும் இப்போது கைகொடுக்கும். யாருக்காவது முழங்கால் நடுங்க ஆரம்பித்தால் மொத்தக் கூட்டமும் அவர் வேகத்துக்கு வர வேண்டும். மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்த இடத்தில் நடக்க விடுங்கள், கடைசியில் விடாதீர்கள்.

மாந்தோப்பு தெரிய ஆரம்பித்தால் அடிவாரம் வந்துவிட்டது. நாலு மணிக்குள் கும்பக்கரை. மேலே வட்டக்கானலில் அருவியாக விழுகிறதே, அதே பாம்பாறுதான் இங்கேயும் விழுகிறது. பாறைக் குழிகளுக்கு யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆழமும் சுழலும் உள்ளவை, வனத்துறை குளிக்க விடுகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். மேலே மழை என்றால் வெள்ளம் திடீரென்று வரும், அன்றைக்கு அனுமதி இருக்காது. நான் குளிப்பதில்லை. ஓரப் பாறையில் உட்கார்ந்து முழங்கால் வரை தண்ணீருக்குள் விட்டு இருபது நிமிடம் அப்படியே இருப்பேன். அங்கிருந்து பெரியகுளம் எட்டு ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். மதுரை அரப்பாளையம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி நீட்டி மடக்கிக்கொண்டே வாருங்கள். மறுநாள் மெஷினை மிதிக்க வேண்டுமே.