இரண்டு நிலவுகளைச் சரிசெய்த கதை

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் கதை விளையாட்டுக்கு இரண்டு நிலவுகள் உள்ள உலகம் ஒன்றை உருவாக்கினோம். படைப்புக் கதை, தெய்வங்கள், மேலுலகம் என்று நான் நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒருவர் தன் காட்சியில் பௌர்ணமி என்றார். கதையில் மூன்றே நாள் கழித்து இன்னொருவர் அமாவாசை இருட்டில் கோட்டைக்குள் புகுந்தார். யாரைத் திருத்துவது?

எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டேன். நம் நிலவுக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.5 நாள். எங்கள் சின்ன நிலவுக்கு 24, பெரியதற்கு 36 என்று வைத்தேன். 72 நாளுக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து பௌர்ணமி. அட்டையில் 72 கட்டம் வரைந்து, கட்டத்துக்கு இரண்டு வட்டம் போட்டு, தேய்வதையும் வளர்வதையும் பென்சிலால் நிழலிட்டேன். கதையில் ஒரு நாள் போனால் ஒரு சட்டைப் பொத்தான் ஒரு கட்டம் நகரும். அவ்வளவுதான்.

அப்புறம்தான் அழகான விஷயம். இரண்டும் சேர்ந்த பௌர்ணமியிலிருந்து 36ஆம் நாள் சின்ன நிலவுக்கு அமாவாசை, பெரியதற்குப் பௌர்ணமி. அமாவாசையோ பௌர்ணமியோ, இரண்டிலுமே கடல் ஏற்றம் அதிகம். ஆக, அன்றும் கடல் பொங்கும் என்று மீனவப் பாத்திரம் ஆடும் தோழி கண்டுபிடித்தாள். இறந்தவர்கள் அந்த இரவில் படகில் வருவார்கள் என்று அவளே ஒரு நம்பிக்கையையும் எழுதினாள். என் நாற்பது பக்கத்தில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை.