சிட்டி ஆஃப் கேங்ஸ்டர்ஸ்: ஆள் பழக்கத்தில் சறுக்கும் இடங்கள்

ரிச்சி தெருவில் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிய கையோடு இந்த விளையாட்டை நிறுவிவிட்டு, "சுடுவதற்கே வாய்ப்பு வரவில்லையே" என்று அலுத்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்குச் சென்னையில் நிறையவே உண்டு. சண்டைதான் வேண்டும் என்றால் 2020இல் வந்த எம்பயர் ஆஃப் சின் இருக்கிறது. சோமாசிம் நிறுவனம் உருவாக்கி 2021இல் வெளிவந்த சிட்டி ஆஃப் கேங்ஸ்டர்ஸ் வேறு ரகம். அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த 1920இல், சிகாகோ போன்ற ஒரு நகரத்தில், கள்ளச்சரக்கு விற்று மேலே வர வேண்டும்.

மதுவிலக்குக் காலம் நம் ஊருக்கும் பழக்கமானதுதான். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கிவைத்தார். 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. எந்த ஊரானாலும் கள்ளச்சரக்கு வியாபாரத்தில் ரசீது கிடையாது. ஏமாற்றியவன் மீது வழக்குப் போடவும் முடியாது. ஆகவே யார் சொல்லி வந்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் கதவு திறக்கும். விளையாட்டை வடிவமைத்தவர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு வேலையை முடித்துக் கொடுத்தால் அவர் உங்களுக்கு நன்றிக்கடன் படுகிறார். அதைக் கேட்டு வாங்கும்போது தன் தம்பியையோ சிநேகிதரையோ அறிமுகப்படுத்துகிறார். ஏறக்குறைய நம் மொய் நோட்டுக் கணக்கு.

அந்த நோட்டைப் பூட்டி வைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. பிற்பாடு ஏதோ பெரிய காரியத்துக்கு உதவும் என்று கடன்களைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். சரக்கு வாங்க ஆளில்லாமல் கிடங்கில் தேங்கி நிற்கும். தொடக்கத்தில் கிடைக்கும் நன்றிக்கடன்களை அறிமுகங்களுக்கே செலவழியுங்கள். ஓர் அறிமுகம் இன்னொருவரிடம் கொண்டு விடும். அவருக்கும் ஏதாவது வேலை ஆக வேண்டியிருக்கும்.

சிக்கல் முற்றிய பிறகுதான் போலீஸ்காரரிடம் பழகப் போவது இன்னொரு தவறு. இதற்கு விளக்கமே தேவையில்லை.

சொந்த இனத்தாரோடு ஒட்டிக்கொள்வது சற்று நுட்பமான பொறி. ஐரிஷ், இத்தாலியன், போலிஷ் என்று அந்த நகரத்துப் பேட்டைகள் பிரிந்து கிடக்கின்றன. நம்மவர்களிடம் பழக்கம் எளிதில் ஒட்டுவதால் பலரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அந்தப் பேட்டையின் தேவை தீர்ந்ததும் வியாபாரம் படுத்துவிடுகிறது. ஆரம்பத்திலேயே பக்கத்துப் பேட்டையில் ஒரே ஒருவருக்காவது ஏதாவது செய்து வையுங்கள். லாபம் இல்லாத வேலையானாலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் விட ஆட்டத்தைக் கெடுப்பது, உறவுமுறையைப் பார்க்காமல் ஒருவரை அடிப்பது. இந்த நகரத்தில் யாரும் தனி ஆள் இல்லை. மூலைக்கடைக்காரரை மிரட்டிப் பணம் பறித்தால் அவர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார், மைத்துனர் பகையாவார். அந்த மைத்துனர்தான் உங்களுக்குச் சர்க்கரை கொடுப்பவராக இருந்தால் சாராயம் காய்ச்சும் வேலையே நின்றுபோகும். பறித்தது சில டாலர்கள். அறுந்ததோ மாதக்கணக்கில் கட்டிய தொடர்பு. ஆட்டத்தை முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்பார்கள். ஆனால் கோபம் உடனே கண்ணில் படுவதில்லை. வழக்கமாக வாங்குபவர் கைவிரிக்கும்போதுதான் காரணம் தேடத் தொடங்குகிறோம். அதற்குள் அந்த இடம் வெகுதூரம் பின்னால் போயிருக்கும்.

நல்லதும் இதே வழியில்தான் பரவுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முறைத்துக்கொண்டிருக்கும் ஒருவரை நேரடியாக வசப்படுத்த முடியாதபோது அவருடைய தங்கைக்கு ஒரு காரியம் செய்து கொடுத்துப் பாருங்கள். அடிதடி தவிர்க்கவே முடியாது என்ற கட்டம் வந்தாலும், முதலில் அந்த ஆளின் விவரத்தைத் திறந்து சொந்தக்காரர்கள் பட்டியலைப் படியுங்கள். உங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர் பெயர் அதில் இருந்தால் அந்தக் கடையை விட்டுவிட்டு அடுத்த தெருவில் வேறு ஆளைப் பாருங்கள்.