கைபேசியில் வரும் சாட்சியம்: சிறு வழக்கறிஞர் அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருவில் இரண்டு மூன்று பேரை மட்டுமே வைத்து நடக்கும் வழக்கறிஞர் அலுவலகங்களில்கூட, கிரயப் பத்திரத்தின் மூலப் பிரதியைக் கட்சிக்காரரிடமிருந்து வாங்கும்போது யாரும் அசட்டையாக இருப்பதில்லை. தேதியிட்டு ஒப்புகை கொடுக்கிறோம். உறையில் இட்டு இரும்பு அலமாரியில் பூட்டுகிறோம். அதே கட்சிக்காரர் கொண்டுவரும் வாட்ஸ்அப் உரையாடலுக்கோ குரல்பதிவுக்கோ அந்தக் கவனம் கிடைப்பதில்லை. சிறு அலுவலகங்களில் நேரும் தொழில்நுட்பத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

வாடகை முன்பணத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்துவந்த இந்நகரில் இத்தகைய வழக்குகளுக்குக் குறைவில்லை. அல்சூரிலிருந்து வரும் கட்சிக்காரர், அட்வான்ஸைத் திருப்பித் தருவதாக வீட்டு உரிமையாளர் தமிழில் அனுப்பிய குரல்பதிவைத் தம் கைபேசியில் போட்டுக் காட்டுகிறார். "எனக்கு ஃபார்வர்டு பண்ணிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் முதல் தவறு. செலவு மிக்க தவறும் அதுவே. அப்படி வந்து சேரும் பதிவில், முதலில் அனுப்பியவரின் எண்ணும் அது வந்த நேரமும் இருப்பதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கட்சிக்காரர் கைபேசியை மாற்றிவிட்டால், யாருடையது என்று நிறுவ முடியாத ஒரு குரல் மட்டுமே நம்மிடம் எஞ்சும். புகைப்படங்களின் நிலையும் இதுவே: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு, எடுத்த நேரம், இடம் பற்றிய உள்தகவல்களும் நீங்கிவிடுகின்றன. டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னால் கோப்பு உள்ளபடியே வரும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக 63ஆம் பிரிவை வைத்திருக்கிறது. அதன்படி தரவேண்டிய சான்றிதழின் முதல் பகுதியைத் தரப்பினரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீடு) அதைக் கணக்கிட்ட முறையையும் குறிப்பிட வேண்டும். மூலக் கருவியையே நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தினாலன்றி இச்சான்றிதழ் கட்டாயம் என்று, பழைய பிரிவின் கீழ், அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே கட்சிக்காரர் முதன்முறை வரும் நாளிலேயே, கைபேசியை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது என்று எழுத்தில் தெரிவித்து, உரையாடலை இணைப்புகளோடு எக்ஸ்போர்ட் செய்து, ஹேஷ் மதிப்பைக் குறித்துவைக்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் (certutil) என்னும் கட்டளை இதற்குப் போதும். தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. கோப்பின் பெயரை மாற்றினால் ஹேஷ் மாறாது; ஆனால் திறந்து ஓர் எழுத்தைத் திருத்திச் சேமித்தாலும் மாறிவிடும். எனவே பணிக்கு ஒரு நகலைத் தனியே வைத்துக்கொண்டு, முதலில் பெற்ற கோப்பைத் தொடாமல் விட வேண்டும்.

அடுத்தது, கூகுள் டிரைவில் போட்டுவிட்டதையே பேக்கப் என்று எண்ணும் தவறு. கணினியோடு ஒத்திசைந்து இயங்கும் கோப்புறையில் ஜூனியர் ஒருவர் தவறுதலாக எதையாவது நீக்கினால் அங்கும் அது நீங்கும். குப்பைத் தொட்டியில் முப்பது நாள் இருந்து பிறகு நிரந்தரமாக மறையும். வழக்கின் அடுத்த வாய்தா மூன்று மாதம் கழித்து என்றால், இழப்பு தெரியவருவதற்குள் அந்தக் கெடு முடிந்திருக்கும். தனி ஹார்டு டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகலெடுத்த உடனே அதைக் கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். எந்நேரமும் செருகியே இருக்கும் டிஸ்க்கை, கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

நீதிமன்ற மின்தாக்கல் (இ-ஃபைலிங்) கணக்கைக் குமாஸ்தாவின் கைபேசி எண்ணிலோ ஜூனியரின் மின்னஞ்சலிலோ பதிவுசெய்வது பரவலாகக் காணப்படும் வழக்கம். அவர் வேலையை விட்டுப் போனதும் ஓடிபி அவரோடு போய்விடுகிறது. தாக்கலுக்குக் கடைசி நாளன்று அவரைத் தேடி அலைய நேர்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் வக்காலத்தில் கையெழுத்திட்டவரே. கெடு தேதிகளை ஒருவருடைய கைபேசி நாட்காட்டியில் மட்டும் குறித்துவைப்பதும் இதே ஆபத்தைக் கொண்டது. வணிக வழக்குகளில் சம்மன் சேர்ந்த நாளிலிருந்து 120 நாள்களுக்குள் எதிர்வழக்குரை (பிரதிவாதியின் எழுத்துமூலப் பதில்) தாக்கலாகாவிட்டால் அந்த உரிமையே பறிபோகும் என்பதால், அலுவலகத்துக்கு ஒரு பொது நாட்காட்டி அவசியம். இ-கோர்ட்ஸ் செயலி வாய்தா தேதியைக் காட்டும். கெடுவைக் கணக்கிட்டுத் தராது.

பிடிஎஃப் கோப்பில் ஆதார் எண்ணின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் அது மறைந்துவிடாது. அடியில் உள்ள எழுத்தை யாரும் நகலெடுத்துப் படிக்கலாம். அச்சிட்ட தாளில் மறைத்து, மீண்டும் ஸ்கேன் செய்வது எளிய வழி.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2023இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மனுவில் சேர்த்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு வழங்கிய உத்தரவு ஒன்றிலேயே, எங்கும் இல்லாத தீர்ப்புகள் இடம்பெற்றிருந்தது தெரியவந்து, அவ்வுத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கட்சிக்காரரின் ஆவணங்களை இலவசக் கருவிகளில் அப்படியே பதிவேற்றுவதும், தொழில்முறை ரகசியத்தைக் காக்கச் சொல்லும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132ஆம் பிரிவின் கடமைக்கு ஊறு செய்யக்கூடியதே. கருவி ஒரு தீர்ப்பின் பெயரைத் தந்தால், உச்ச நீதிமன்றம் 2023இல் கட்டணமின்றித் திறந்த இ-எஸ்சிஆர் என்னும் தீர்ப்புத் தொகுப்புத் தளத்தில் அதைத் தேடி, சொல்லப்பட்ட பத்தி உண்மையாகவே அங்கே இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே மனுவில் சேர்க்க வேண்டும்.