வான்கோழி வேட்டைக்கு அழைப்புக் கருவி வாங்கப் போறீங்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீங்க

அமெரிக்காவில் வசந்த கால வான்கோழி வேட்டை முழுக்கக் குரலை நம்பி நடப்பது. காட்டில் வழக்கமாகச் சேவல் கூவும், பெட்டை அதைத் தேடிப் போகும். நாம் பெட்டை மாதிரி குரல் கொடுத்து சேவலை நம் பக்கம் வரச் சொல்கிறோம், அதாவது அதன் வழக்கத்தையே திருப்பிப் போடுகிறோம். அப்படிப்பட்ட வேலைக்கான கருவியைப் பலர் கடையில் இரண்டு நிமிஷத்தில் எடுத்து பில் போட்டுவிடுகிறார்கள்.

கடையில் எது இனிமையாகக் கேட்கிறதோ அதை எடுப்பதுதான் முதல் தவறு. காட்டுப் பெட்டைகளின் குரல் அப்படியொன்றும் இனிமையாக இருக்காது, சிலது கரகரவென்று கட்டைக் குரலில் கத்தும். சேவலை ஏமாற்றுவது தாளம்தான். சுருதி கொஞ்சம் பிசகினாலும் இடைவெளி சரியாக இருந்தால் வரும்.

அடுத்தது, அனுபவசாலிகள் வைத்திருக்கிறார்கள் என்று டயஃப்ரமில் தொடங்குவது. குதிரை லாடம் மாதிரி ஒரு சின்னச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய லேடெக்ஸ், மேலண்ணத்தில் ஒட்டி வைத்து நாக்குக்கும் அதற்கும் நடுவே காற்றை விட வேண்டும். கை அசையாது என்பது பெரிய லாபம், ஏனென்றால் வான்கோழியின் கண் அவ்வளவு கூர்மை. ஆனால் பழக வாரக்கணக்கில் ஆகும், அண்ணம் குறுகலாக இருப்பவர்களுக்குப் பெரிய சைஸ் சட்டம் குமட்டலைத் தரும், லேடெக்ஸ் அலர்ஜி இருந்தால் தொடவே கூடாது. ஆசையாக இருந்தால் ஒன்றிரண்டு ரப்பர் அடுக்கு மட்டும் உள்ளதை, சீசனுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வாங்கி, கார் ஓட்டும்போது பழகுங்கள்.

புதியவருக்கு நான் சொல்வது பெட்டிக் கருவிதான். 1897-இல் ஆர்கன்சாஸ்காரர் ஹென்றி கிப்சன் காப்புரிமை வாங்கிய அதே அடிப்படை இன்றும் ஓடுகிறது: மரப்பெட்டி, மேலே உரசும் மூடி. காற்றடிக்கும் நாளில் தூரத்துக்குக் கேட்கும். இதில் நடக்கும் தவறு சாக்பீஸில். எண்ணெய் கலந்த சாக்பீஸைத் தேய்த்தால் மரம் வழுக்கிவிடும், எண்ணெய் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் மூடியை ஒரு ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள், இல்லையென்றால் நடக்கும்போது பையில் தானாகக் கீச்சிடும்.

பெட்டியும், குச்சியால் உரசிக் குரல் எழுப்பும் கல் தட்டான சிலேட்டும் ஈரத்துக்கு ஆகாது. என் முதல் சீசனில் விடியும் நேரத்தில் சேவல் அறுபது கெஜத்தில் நின்று கூவிக்கொண்டிருக்க, நான் மடியில் திறந்து வைத்திருந்த சிலேட்டில் பனி படிந்திருந்தது. குச்சி சத்தமே இல்லாமல் வழுக்கிப் போனது, சேவல் திரும்பி நடந்துவிட்டது. மழை, பனி உள்ள இடமென்றால் கண்ணாடித் தட்டும் அக்ரிலிக் அல்லது கார்பன் குச்சியும் சேர்த்து வாங்குங்கள். சிலேட் மென்மையான குரலுக்கு, சேவல் பக்கத்தில் வந்தபின் அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், நைஸ் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே குச்சியை ஓட்டுங்கள். இன்னொரு விஷயம், குரல் பிடிக்கவில்லை என்று இரண்டாவது தட்டு வாங்குகிறவர்கள் நிறைய. குச்சியை மாற்றிப் பாருங்கள், மரம் மாறினாலே குரல் மாறும், செலவும் குறைவு.

பேட்டரியில் ஓடும் ஒலிப்பதிவுக் கருவிகளுக்குப் பல மாநிலங்களில் தடை உண்டு, உங்கள் மாநில விதியைப் படிக்காமல் வாங்காதீர்கள். சேவல் மாதிரியே கூவும் கருவியைப் பொது நிலத்தில் எடுக்கவே வேண்டாம். புதருக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொருவர், அந்தச் சத்தத்தைச் சேவல் என்று நம்பித் துப்பாக்கியோடு உங்களை நோக்கித்தான் வருவார்.