சின்ன மூச்சை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

வெல்லாவெளிப் பக்கமிருந்து வந்த வயல்கார ஐயா ஒருவர், டி.எல்.சி.ஓ. பரிசோதனையில் (மூச்சைப் பிடித்து வைத்து, நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று அளப்பது) ஐந்தாவது செக்கனிலேயே மூச்சை விட்டுவிட்டு, “ஏலாது மனே” என்றார். “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதி அனுப்புவது சுலபம். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவன்தான். ஆனால் பல நேரங்களில் ஆள் ஒத்துழைக்கிறார், நாம்தான் கருவியை அவருக்கு ஏற்றபடி மாற்றுவதில்லை.

வெளிவிடும் மூச்சின் முதல் பகுதி மூச்சுக்குழாயில் நின்ற காற்று. அதை ஒதுக்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும். வழமையாக 750 மில்லிலீற்றர் முதல் 1 லீற்றர் வரை ஒதுக்குவோம், மாதிரிக்குக் குறைந்தது 500 வேண்டும். மொத்த மூச்சே 1.1 லீற்றர்தான் என்றால்? 750 போக மிச்சம் 350. மாதிரி போதாது, கருவி பிழை காட்டும். முழு மூச்சு 2 லீற்றருக்குக் குறைந்தால் ஒதுக்கும் அளவை 500 ஆக்க விதியே இடம் தருகிறது. அதற்காகக் கண்மூடித்தனமாகக் குறைக்கவும் கூடாது: குழாய்க் காற்று மாதிரியில் கலந்தால் டி.எல்.சி.ஓ. பொய்யாகக் குறையும். வாயு அளவை உடனுக்குடன் காட்டும் வேக அனலைசர் இருந்தால், உள்ளிழுக்கக் கொடுத்த கலவையிலுள்ள அடையாள வாயுவான மீதேனின் கோடு திரையில் சமப்பட்டதைப் பார்த்து முடிவெடுங்கள். மாற்றிய அளவை அறிக்கையில் எழுதுங்கள், அடுத்த முறையும் அதே அளவில்தான் ஒப்பிட முடியும்.

உள்ளிழுப்பது 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. அது அவருடைய சொந்த முழு மூச்சில் 90, வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் அல்ல. மூச்சுக்குழாய் அடைப்புள்ளவரை, உள்ளிழுக்கும் முன் முழுதாக ஊதச் சொல்லி வதைக்கவும் தேவையில்லை, 12 செக்கனோடு நிறுத்தலாம். இடையில் 4 நிமிடமாவது ஓய்வு, ஐந்து முயற்சிக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் கே.சி.ஓ., அதாவது டி.எல்.சி.ஓ.வை நுரையீரல் கொள்ளளவால் வகுத்து வரும் எண். ஆழமாக இழுக்காதவரிடம் நுரையீரல் கொள்ளளவு குறையும் அளவுக்கு டி.எல்.சி.ஓ. குறையாது, ஆகவே கே.சி.ஓ. உயரும். அந்த எண்ணைப் பார்த்து “நுரையீரல் நன்று” என்று எழுதினால் நோய் ஒளிந்துகொள்ளும். என் பார்வையில் மிக ஆபத்தான தவறு இதுதான்.

ஹீமோகுளோபினையும் கேளுங்கள், அது குறைந்தால் டி.எல்.சி.ஓ.வும் குறைந்தே வரும். 8 உள்ள அம்மாவின் டி.எல்.சி.ஓ. 10 என்று வந்தால், திருத்திய பிறகு அது கிட்டத்தட்ட 12.8.