லேபிளில் இருக்கும் எண் வயது அல்ல: ரம் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, பார் கவுன்டரில் ஒரு விருந்தினரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "சார், இது இருபது வருஷத்துக்கு மேல பீப்பாயில கிடந்த ரம்." அவர் போன பிறகு அவனைக் கூப்பிட்டு, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அண்ணே, லேபிள்லயே போட்டிருக்கே" என்றான். பல வருடங்களுக்கு முன்பு சிங்கப்பூரில் என் மேலாளரிடம் நான் சொன்னதும் இதே பதில்தான். அன்று அதற்கு நான் கொடுத்த விலை இன்னும் மனதில் உறுத்துகிறது.

எதை எதோடு கலப்பது, ஐஸ் எவ்வளவு போடுவது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு வாரம் கவுன்டரில் நின்றால் அவை கைக்குப் பழகிவிடும். பெரிய அளவில் விற்கும் ரம் பாட்டில்களின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பி, அதையே நாமும் விருந்தினரிடம் ஒப்பிக்கிறோம் அல்லவா, அது பழகப் பழக இன்னும் ஆழமாக வேரூன்றுகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எண்ணைக் கண்டதும் வயது என்று நினைப்பது

சிங்கப்பூர் ஓட்டல் பாரில் சரக்கு வாங்கும் பொறுப்பு முதன்முதலாக என் கைக்கு வந்த சமயம். ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். அவர் கொண்டுவந்த பாட்டிலின் நடுவில் இருபதைத் தாண்டிய ஓர் எண் பொன்னிறத்தில் அச்சிட்டிருந்தது. வாயில் வைத்தால் வெண்ணெய் போல வழுக்கியது, வெனிலா மணந்தது. இரண்டு பெட்டி வாங்கினேன். மெனு அட்டையில் அந்த எண்ணைப் போட்டு, பக்கத்தில் 'வருடம் முதிர்ந்தது' என்று நானே சேர்த்து எழுதினேன். அந்த வார்த்தைக்காகவே மற்ற ரம்களைப் போல மூன்று மடங்கு விலை வைத்தேன்.

ஒரு மாதம் நன்றாகவே விற்றது. பிறகு ஒருநாள் பார்படோஸைச் சேர்ந்த கப்பல் பொறியாளர் ஒருவர் வந்து ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தார். கோபமே இல்லாமல் ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தக் கலவையில் மிக இளைய ரம்முக்கு என்ன வயது?" எனக்குத் தெரியவில்லை. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் அந்த எண் 'வரை' என்று இருந்தது. எந்த இடத்திலும் 'வருடம்' என்ற சொல் கிடையாது. அந்தச் சொல்லைச் சேர்த்தது நான்தான். அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், மெனு அட்டைகளை மறுபடி அச்சிட்டோம், மிச்சமிருந்த பாட்டில்களைச் சாதாரண விலைக்குத் தள்ளினோம். ஆனால் அதற்கு முன் குடித்துவிட்டுப் போன அத்தனை பேரிடமும் நான் பொய் சொல்லியிருந்தேன். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் சொலேரா முறையில் இருந்து. ஸ்பெயினின் ஹெரெஸ் வட்டாரத்தில் ஷெர்ரி ஒயினுக்காக உருவான முறை அது. பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருக்கும். கடைசி அடுக்கில் இருந்து ஒரு பங்கை எடுத்து பாட்டிலில் அடைப்பார்கள். அந்த இடத்தை அதற்கு முந்தைய அடுக்கில் இருந்து நிரப்புவார்கள். முதல் அடுக்குக்குப் புதுச் சரக்கு போகும். எந்தப் பீப்பாயும் முழுக்கக் காலியாவதில்லை. நம் வீட்டில் உறைமோர் ஊற்றித் தயிர் தோய்ப்பதைப் போன்றது. பாட்டி காலத்து உறையின் தொடர்ச்சி இன்றைய தயிரிலும் இருக்கும், ஆனால் அந்தத் தயிர் நேற்று இரவு தோய்த்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பீப்பாயை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினால், 10 வருடத்தில் முதன்முதல் ஊற்றிய ரம் 1.7 சதவீதம்தான் மிஞ்சும். 23 வருடத்தில் 0.009 சதவீதம். 750 மில்லி பாட்டிலில் அது ஒரு சொட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. பீப்பாயில் இருப்பதன் சராசரி வயதோ 3 வருடத்தை ஒட்டியே நிற்கும். அடுக்குகள் கூடினால் சராசரி ஏறும், உண்மைதான். ஆனாலும் லேபிளின் எண் சொல்வது மிக மூத்த சொட்டின் வயதை. நாம் காசு கொடுப்பது பாட்டில் முழுவதற்கும்.

முறையில் குற்றம் இல்லை. சொலேராவில் நல்ல ரம் செய்யலாம், செய்கிறார்கள். குவாத்தமாலாவின் சகாப்பா 23 என்ற பெயர்பெற்ற ரம்மில் 6 முதல் 23 வருட ரம்கள் கலந்திருப்பதாக அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்கிறது. படிக்காமல் '23 வருட ரம்' என்று விற்பவர்கள் கவுன்டரில் நம் பக்கம் நிற்பவர்கள்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட்டைப் பாருங்கள். 12 வருடம் என்று போட்டால், கலவையில் இருக்கும் மிக இளைய ரம்முக்கே 12 வருடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு மதுபானச் சட்டமும் வயதைக் குறிப்பிட்டால் இளையதன் வயதைத்தான் குறிப்பிட வேண்டும் என்கிறது. அதனால்தான் சில நிறுவனங்கள் எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு, 'வருடம்' என்ற சொல்லை விட்டுவிடுகின்றன. வெறும் எண் ஒரு பெயர், அவ்வளவே. வயதைப் பற்றிய விதி அதை எளிதில் தொடாது.

இன்னொரு கணக்கும் கையில் இருக்கட்டும். பீப்பாயில் இருந்து ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். குளிரான ஸ்காட்லாந்தில் வருடத்துக்கு 2 சதவீதம் போல. கரீபியன் வெயிலில் 6 சதவீதமோ அதற்கு மேலோ. 6 என்றே வைத்தாலும், 200 லிட்டர் ஊற்றிய பீப்பாயில் 23 வருடத்துக்குப் பிறகு 48 லிட்டர்தான் இருக்கும். முக்கால் பங்கைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, 23 வருடம் கிடங்கு வாடகையும் கட்டி, அதை நடுத்தர விலைக்கு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கடைகளில் ஒருவர் அடுக்க முடியுமா? பாட்டிலைக் கையில் எடுக்கும்போதே இந்தக் கேள்வி வர வேண்டும். எனக்கு அன்று வரவில்லை.

வழுவழுப்பை முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்வது

"கரும்புல இருந்து வர்றதுதானே அண்ணே, இனிக்காதா?" என்று கேட்காத பயிற்சியாளரே இல்லை. இனிக்காது. மொலாசஸை, அதாவது கரும்புச் சாற்றில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகை, புளிக்க வைக்கும்போது அதன் சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாக மாறிவிடுகிறது. மீதிச் சர்க்கரை வடிக்கும்போது ஆவியோடு ஏறாமல் அடியிலேயே தங்கிவிடுகிறது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தால் உப்பு வராதது மாதிரி. வடிகலனில் இருந்து இறங்கும் ரம்மில் சர்க்கரை கிடையாது. நாக்கில் தேன் போல ஒட்டுகிறதென்றால் யாரோ பிறகு சேர்த்திருக்கிறார்கள்.

சேர்ப்பது பல நாடுகளில் குற்றமும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் லிட்டருக்கு 20 கிராம் வரை அனுமதிக்கிறது. இளம் ரம்மின் முரட்டுத்தனத்தை மூடுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. அதை வாங்கிக் குடித்துவிட்டு, 'எவ்வளவு மென்மை, எத்தனை வருடம் இருந்திருக்குமோ' என்று நாம் வியக்கிறோம்.

வேலை செய்பவருக்கு இதில் நேரடி நஷ்டம் உண்டு. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, ரம் மூன்றும் சேர்ந்த டைகிரியில், ரம்மே இனித்தால் அளவெல்லாம் கெட்டுவிடும். கலக்கியவனுக்குத்தான் திட்டு விழும்.

சோதிக்க வழி இருக்கிறது. ஆல்கஹால் அளக்கும் ஹைட்ரோமீட்டரை 20 டிகிரி வெப்பநிலையில் ரம்மில் மிதக்க விடுங்கள். லேபிள் 40 சதவீதம் என்று சொல்ல, கருவி 35 காட்டினால், லிட்டருக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். கருவி இல்லாவிட்டால், கிளாஸின் அடியில் கொஞ்சம் ரம்மை விட்டு இரவு முழுக்க மூடாமல் வையுங்கள். காலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் விஷயம் தெரிந்துவிடும்.

ஸ்வீடனில் மது விற்பது அரசு நிறுவனமான சிஸ்டம்போலாகெட். பின்லாந்தில் அல்கோ. இரண்டும் தாங்கள் விற்கும் ரம்மில் லிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதை வெளியிடுகின்றன. நம் டாஸ்மாக்கும் அரசு நிறுவனம்தான். நம் மக்களுக்கும் அந்த ஒரு வரியைச் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கருப்பாக இருந்தால் பழையது

அந்தக் கருமை பல நேரம் கேரமல், அதாவது கருக்கிய சர்க்கரையின் நிறம். ரம்மில் ஊற்றினால் ஒரு நிமிடத்தில் கருத்துவிடும்.

வெள்ளையாக இருந்தால் புதியது என்பதும் அப்படித்தான். போர்ட்டோ ரிக்கோ சட்டப்படி அங்கே ரம் ஒரு வருடமாவது பீப்பாயில் இருந்தாக வேண்டும். பிறகு கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுகிறார்கள்.

நிறுவனம் பிறந்த ஆண்டை ரம்மின் ஆண்டாகப் படிப்பது

பகார்டி பாட்டிலில் இருக்கும் 1862, கியூபாவின் சாண்டியாகோவில் ஃபாகுண்டோ பகார்டி தொழில் தொடங்கிய ஆண்டு. மவுன்ட் கே ரம்மின் 1703, பார்படோஸில் அந்தப் பண்ணையில் வடிகலன்கள் இருந்ததைக் காட்டும் ஒரு பத்திரத்தின் ஆண்டு. உள்ளே இருக்கும் ரம்முக்கும் அந்த ஆண்டுகளுக்கும் தொடர்பு இல்லை.

ஊர்ப் பெயரை நம்பி ஊரை முடிவு செய்வது

ஹவானா கிளப் என்ற பெயரில் இரண்டு ரம்கள் இருக்கின்றன. ஒன்று கியூபா அரசும் பிரான்சின் பெர்னோ ரிக்கார்டு மது நிறுவனமும் சேர்ந்து கியூபாவில் செய்வது. இன்னொன்று பகார்டி நிறுவனம் அமெரிக்காவில் விற்பது. அது போர்ட்டோ ரிக்கோவில் தயாராகிறது. 1934இல் அந்தப் பெயரைத் தொடங்கிய அரேச்சபாலா குடும்பத்திடம் இருந்து கியூபா புரட்சிக்குப் பிறகு ஆலை பறிக்கப்பட்டது. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. விருந்தினர் கேட்டால் முன்பக்கத்தைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். எங்கே தயாரானது என்ற சின்ன வரியைத் தேடுங்கள்.

கடற்படைக் கதைகள்

லேபிளில் 'நேவி ஸ்ட்ரெங்த்' (கடற்படை வலிமை) என்றால் ஆல்கஹால் 57 சதவீதம். பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு ஒதுக்கிய ரம்மோ 54.5 சதவீதம். அந்தத் தினசரிப் பங்கும் 1970 ஜூலை 31 அன்று நின்றுபோனது. லேபிளில் கம்பீரமாக நிற்கும் கேப்டன் மார்கன் 1688இல் இறந்தவர். அவர் பெயரில் ரம் வந்தது 1944இல்.

டிரிபிள் எக்ஸ்

மூன்று எழுத்துகள். வயதும் அல்ல, தரமும் அல்ல.

மிலிட்டரி சரக்கு என்றால் சுத்தம் என்பது

இது நம் ஊருக்கே உரிய நம்பிக்கை. விளம்பரம் செய்யாமலேயே பரவிய விளம்பரம். இந்தியாவில் தொலைக்காட்சியில் மதுவை நேரடியாக விளம்பரப்படுத்தத் தடை இருக்கிறது. அதனால் லேபிளும் வாய்வழிக் கதையும்தான் இங்கே விளம்பரத்தின் வேலையைச் செய்கின்றன. கேன்டீன் பாட்டில் மலிவாகக் கிடைப்பது வரிச் சலுகையால். நம் ஊர்ப் பெருவிற்பனை ரம்மில் பெரும்பாலும் அடித்தளமாக இருப்பது மொலாசஸை 96 சதவீதம் வரை வடித்தெடுத்த நடுநிலை ஆல்கஹால். அந்த அளவுக்கு வடித்தால் கரும்பின் மணம் ஏறக்குறைய மிஞ்சாது. மணத்தையும் நிறத்தையும் பிறகு கொடுக்கிறார்கள்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு பேச்சு, ரம் குளிருக்கு நல்லது என்பது. இது ஆபத்தானது. மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரியவைக்கிறது. அதனால்தான் சூடாக உணர்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் உடம்பின் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர் இதைச் சொல்லி ரம் கேட்டால், ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியிடம் அன்று இரவே ஒரு கிளாஸின் அடியில் அந்த ரம்மை ஊற்றி வைக்கச் சொன்னேன். காலையில் வந்து விரலை வைத்தவன் ஒன்றும் பேசவில்லை. பாட்டிலை எடுத்துத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தை முதல் வரியில் இருந்து படிக்க ஆரம்பித்தான்.