இறுகிப்போன மடக்குக் கத்தி

அப்பா இருபது வருஷம் கயிறு அறுக்கவும் ஒயர் சீவவும் வைத்திருந்த மடக்குக் கத்தி. அவருக்குப் பிறகு துருப்பிடிக்கக் கூடாதென்று சமையல் எண்ணெய் தடவி இழுப்பறையில் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் திறக்கவே இல்லை, நகம்தான் பெயர்ந்தது.

துரு என்று நினைத்தேன். மூட்டில் ஊசியை விட்டால் பழுப்பாகப் பிசின் வந்தது. சமையல் எண்ணெய் காற்றுப்பட்டால் நாளாக ஆக அப்படித்தான் இறுகும். கைப்பிடி மரம் என்பதால் தண்ணீரில் ஊறவைக்கவில்லை. மூட்டில் மட்டும் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மெல்ல மெல்ல அசைத்தேன். கறுப்பாக அழுக்கு கசிந்தது. துடைத்து, மறுபடி விட்டு, நாலாவது முறை ‘டக்’கென்று திறந்தது. அந்தச் சத்தம் அப்பா கையில் கேட்ட அதே சத்தம். பிறகு தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு.

அலகின் சாம்பல் நிறத்தைத் தேய்த்து எடுக்கவில்லை. கார்பன் எஃகில் படியும் அந்தப் படலம் செந்துருவைத் தாமதப்படுத்தும். பளபளப்புக்காக அதை எடுப்பது தப்பு. 1000 கிரிட் (கல்லின் நைசைச் சொல்லும் எண்) சாணைக் கல்லில், ஏறக்குறைய 20 டிகிரி சாய்வில், மறுபக்க விளிம்பில் மெல்லிய உலோகப் பிசிறு விரலில் தட்டுப்படும்வரை தீட்டினேன். அப்பா தீட்டித் தீட்டி நடுவில் குழிந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.